இடிவதும் தூர்வதும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஒரு பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். மடியில் இங்கிலீஷ் பாடப் புத்தகம் விரிந்து கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்து என்ன நினைத்தானோ, "தாத்தா, ரூயின்னா என்ன?" என்று கேட்டான்.

"அழிவு" என்றேன், யோசிக்காமல்.

அவன் புத்தகத்தை இரண்டு பக்கம் பின்னால் புரட்டினான். "டிஸ்ட்ரக்ஷனுக்கும் அழிவுன்னுதானே போட்டிருக்கு? டிகேக்கும் டீச்சர் அழிவுன்னுதான் எழுதிப் போட்டாங்க. எல்லாம் ஒண்ணுதானா?"

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாக எழுத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அவ்வளவு சுலபமாகப் பொய் வருவதில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அதற்குள் அவன் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. யோசித்ததை அவனிடம் சொல்ல முடியாமல் போன குறைக்காகத்தான் இந்தக் கட்டுரை. எங்கேயாவது படிப்பான் என்ற நம்பிக்கை.

அன்று இரவே அகராதியை எடுத்து வைத்துக்கொண்டேன். ரூயின் என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. லத்தீனில் 'ரூவெரே' என்றால் வேகமாகப் பாய்தல், சரிந்து விழுதல். அதிலிருந்து 'ரூயினா' பிறந்தது. கட்டடம் விழுந்தாலும் ரூயினா, ஒரு மனிதனின் வாழ்வு சரிந்தாலும் ரூயினா. ஆக, ரூயின் என்ற சொல்லின் வயிற்றில் இருப்பது ஒரு வீழ்ச்சி. டிகே என்பதும் அந்த ஊர்ச் சரக்குத்தான். 'காதெரே' என்றால் விழுதல். அதற்கு முன்னால் 'டி' சேர்ந்தால் கீழே நழுவி விழுதல். டிஸ்ட்ரக்ஷன் மட்டும் கொஞ்சம் வேறு ஜாதி. 'ஸ்த்ரூவெரே' என்றால் அடுக்குதல், கட்டுதல். டிஸ்ட்ரக்ஷன் அடுக்கியதைக் கலைத்தல், கட்டியதைப் பிரித்தல். அதிலே ஒருவருடைய கை இருக்கிறது. ரூயினில் கை தெரிவதில்லை. அது தானாக விழுகிறது, அல்லது விழுவது போலத் தோன்றுகிறது.

இன்னொரு வேடிக்கையான சொல்லும் கண்ணில் பட்டது: டிலாபிடேஷன். 'லாபிஸ்' என்றால் கல். கல்லை அங்கொன்றும் இங்கொன்றுமாக வீசி இறைப்பதுபோலச் சொத்தை இறைப்பது அதன் பழைய பொருள். பிறகுதான் பராமரிப்பில்லாமல் பாழான கட்டடத்துக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் பாதிரியார் ஒருவர் தமக்கு விடப்பட்ட மாதா கோயில் வீட்டைப் பழுது பார்க்காமல் போட்டு வைத்தால், அந்தக் குற்றத்துக்குத் திருச்சபைச் சட்டத்தில் முன்பு இதுதான் பெயராக இருந்தது. அவர் கடப்பாரை எடுத்து இடிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், குற்றவாளி ஆகிவிடுவார்! இந்தச் சட்டத்தைப் படித்தபோது எனக்குச் சற்று உறுத்தியது. ஏன் உறுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். 'எல்லாவற்றுக்கும் அழிவு' என்று அந்தப் பையனின் வாத்தியாரம்மா எழுதிப் போட்டதில் தமிழின் குற்றம் ஒன்றும் இல்லை. இந்த வறண்ட சீமையில் எது எப்படிக் கெடுகிறது என்பதற்குத் தனித்தனிச் சொல் உண்டு. அருப்புக்கோட்டைத் தறிக்காரரிடம் போய், "நூல் அழிந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். நூல் இற்றுப்போகும். அறுந்த இழைக்கு முடிச்சுப் போடலாம். இற்ற இழையை எந்த இடத்தில் பிடித்தாலும் கையோடு வரும். உத்திரம் உளுத்துப்போகும். சோறு ஊசிப்போகும். இரும்பு துருவேறும். விதை சொத்தையாகும். சருகு மக்கும். வீட்டு மதில் இடியும். பால் கெடும், பிள்ளையும் கெடுவான். ஒரு குடும்பம் நொடித்துப்போகும். நல்ல நிலையில் இருந்து தாழ்ந்தவர்களை 'வாழ்ந்து கெட்டவர்கள்' என்று ஊரில் சொல்வார்கள். அந்த இரண்டு சொல்லில் ஓர் இரக்கம் இருக்கிறது. முன்பு வாழ்ந்ததை மறக்காமல் சொல்லிவிட்டுத்தான் பிறகு கெட்டதைச் சொல்கிறது.

குட்டிச்சுவர் என்று ஒரு சொல். கூரை போய், மேல் பாதி கரைந்து, இடுப்பளவு நிற்கிற மண்சுவர். உருப்படாத பிள்ளையைக் 'குட்டிச்சுவராய்ப் போனான்' என்கிறோம். ரோமாபுரிக்காரன் மனிதனையும் கட்டடத்தையும் ஒரே சொல்லால் சொன்னான் என்று வியந்தேனே, என் அப்பத்தா லத்தீன் படிக்காமலே தினமும் அதைச் செய்துகொண்டிருந்தாள், என்னை வைத்தே.

இத்தனை சொல்லும் இருக்க, இந்தச் சீமைக்கே உரிய சொல் என்று எனக்குத் தோன்றுவது வேறொன்று. அது 'தூர்ந்துபோதல்'.

திருச்சுழிப் பக்கம் வந்திருப்பவர்களுக்குத் தெரியும். 1985 வரை இராமநாதபுரம் மாவட்டமாக இருந்து, இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கிய பகுதி. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. வருஷத்தில் பெரும்பாலான நாள் அது மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற மழையை ஊருக்கு ஊர் கண்மாயில் பிடித்து வைத்துக்கொண்டால் உண்டு, இல்லையேல் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஆற்றிலிருந்தும் மேட்டிலிருந்தும் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். மடை திறந்தால் வயலுக்குப் போகும். மிஞ்சினால் கலுங்கில் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். எந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடும் என்ற ஒரே தத்துவத்தை நம்பி முன்னோர் கட்டியது.

ஆனால் தண்ணீர் தனியாக வருவதில்லை. வண்டலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீர் போய்விடும், வண்டல் தங்கிவிடும். ஒரு மழைக்கு ஒரு விரற்கடை என்றால் யாருக்குத் தெரியும்? கரை அப்படியே நிற்கிறது, மடை அப்படியே இருக்கிறது, கலுங்கில் ஒரு கல் பெயரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் கண்மாய் மெல்ல மெல்ல மேடாகிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் நல்ல மழை பெய்கிறது. கண்மாய் பெருகிவிட்டது என்று ஊர் சந்தோஷப்படுகிறது. தைமாதம் வருமுன்பே வற்றிவிடுகிறது. அப்போதுதான் தெரிகிறது, நிறைந்திருந்தது தண்ணீர் அல்ல, மண் என்று.

இந்த அழிவில் எதுவும் விழவில்லை. அதுதான் நான் கவனிக்கச் சொல்வது. ரோமாபுரிக் கட்டடம் விழுந்து பாழாயிற்று. எங்கள் கண்மாய் நிறைந்து பாழாயிற்று. விழுவதற்குச் சத்தம் உண்டு. ஊர் கூடும், ஐயோ என்னும். தூர்வதற்குச் சத்தம் கிடையாது.

அந்த வண்டலும் கெட்ட பொருள் அல்ல. கரம்பை என்று பெயர் சொல்லிக் கோடையில் வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போய்ப் புஞ்சையில் கொட்டுவார்கள். பருத்தியும் கம்பும் அதில் செழிக்கும். கண்மாய்க்குள் கிடந்தால் கேடு. வயலுக்குப் போனால் உரம். அதே மண்தான். இருக்க வேண்டிய இடத்தை விட்டு, கவனிப்பாரற்று ஓரிடத்தில் சேர்ந்ததுதான் அதன் குற்றம். பணத்துக்கும் அறிவுக்கும் அதிகாரத்துக்கும்கூட இதைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம், நான் விரிக்கவில்லை.

இனிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு பொருள் பாழானால் அதற்கு யார் பொறுப்பு?

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். அழிந்தது, அழித்தது. கெட்டது, கெடுத்தது. சிதைந்தது, சிதைத்தது. தூர்ந்தது, தூர்த்தது. தமிழில் அழிவைப் பற்றி வாய் திறந்தால் உடனே தானாகவா, பிறராலா என்று தீர்மானித்தாக வேண்டும். ஒற்றெழுத்து ஒன்று மாறினால் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். இந்த இலக்கணத்தில் எனக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது. இப்போது அதில் ஓர் ஓட்டை தெரிகிறது. எங்கள் ஊர்க் கண்மாயை யாரும் தூர்க்கவில்லை. அது தானாகவும் தூர்ந்துவிடவில்லை. ஏனென்றால் எத்தனையோ தலைமுறை அது தூராமல் இருந்திருக்கிறது. கோடைதோறும் யாரோ அள்ளினார்கள், அதனால் இருந்தது. அள்ளுவதை நிறுத்தினார்கள், தூர்ந்தது. இதற்குச் சரியான வினை 'தூரவிட்டது' என்பதுதான். இலக்கணப் புத்தகத்தின் இரண்டு பத்திகளுக்கும் நடுவே உள்ள இந்த மூன்றாவது வினையில்தான் நம்மில் பெரும்பாலோர் காலம் தள்ளுகிறோம். நாம் அழிப்பவர்கள் அல்ல, நல்லவர்கள். அழியவிடுகிறவர்கள், அவ்வளவே.

உறுத்தியது என்று சொன்னேனே, அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. மண்சுவர், நாட்டோடு, வேப்பமர உத்திரம். தாத்தா கட்டியது. நான்கு பங்காளிகளுக்குச் சொந்தம். ஒருவரும் அங்கே குடியில்லை. பக்கத்து வீட்டில் இருந்த சின்னையா ஒரு வருஷம் எனக்குக் கடிதம் போட்டார். முகட்டில் நாலைந்து ஓடு உடைந்திருக்கிறது, அடைமழைக்கு முன்னால் மாற்றினால் நல்லது என்று. நாலைந்து ஓடு! அன்றைக்கு ஒரு நாவல் வாங்குகிற பணத்துக்குள் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? அழகான கையெழுத்தில் பதில் எழுதினேன்: 'பங்காளிகள் நால்வரும் கூடிப் பேசி ஒரு முடிவு செய்யலாம்.' என் மனத்தில் ஓடிய கணக்கு வேறு. நான் பணம் போட்டால் மற்ற மூவரும் நிழலில் உட்காருவார்கள். நான் மட்டும் ஏன் போட வேண்டும்? மற்ற மூவர் மனத்திலும் இதே கணக்கு ஓடியிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கணக்கில் எல்லாரும் கெட்டி.

ஓட்டுச் சந்தில் மழை இறங்கியது. உத்திரம் நனைந்தது. நனைந்த மரத்துக்குக் கரையான் வந்தது. ஆறு வருஷம் கழித்து ஓர் ஐப்பசி இரவில் வீடு விழுந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது குட்டிச்சுவர் ஒன்றும் அதன் நடுவில் ஒரு சீமைக்கருவேலங் கன்றும் நின்றன. "போன மாசம்தான் விழுந்ததாமே, சின்னையா" என்றேன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "போன மாசம் எங்க விழுந்துச்சு? நீ அந்தக் காயிதம் போட்ட அன்னைக்கே விழுந்திருச்சு, தம்பி. தரைக்கு வந்து சேர ஆறு வருசம் ஆச்சு, அவ்வளவுதான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை. லத்தீன்காரன் சொல்கிற வீழ்ச்சி என்ன என்பது எனக்கு அகராதியில் விளங்கவில்லை. அந்தக் குட்டிச்சுவரடியில் விளங்கியது. எல்லா இடிவுக்குள்ளும் ஒரு தூர்வு இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற விழுகை கடைசி நிமிஷத்து விஷயம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "இடிபாட்டிலும் ஓர் அழகு இல்லையா?" உண்டு. 1764 அக்டோபர் 15-ஆம் தேதி ரோமாபுரியின் கேபிட்டல் குன்றில் இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, வெறுங்காலோடு துறவிகள் மாலைப் பிரார்த்தனை பாடுவதைக் கேட்டுத்தான் ரோமின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் தமக்குப் பிறந்ததாக கிப்பன் எழுதி வைத்தார். 1776-இல் முதல் பாகம் வந்தது. அவருக்குக் கொஞ்சம் முந்தியே, 1740-களில், இங்கிலாந்துப் பிரபுக்கள் தங்கள் தோட்டங்களில் புதிதாகவே இடிந்த கோட்டைகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஹாக்லி என்ற இடத்தில் அப்படி ஒன்று இன்றும் நிற்கிறது. இடிந்த கோட்டையைக் காசு கொடுத்துக் கட்டுகிறவனுக்கு, வசிக்க இடியாத மாளிகை ஒன்று பக்கத்தில் இருக்கும் என்பதைக் கவனியுங்கள். பாழின் அழகு பார்க்கப் போகிறவனுக்கு. அதற்குள் சோறாக்கித் தின்றவனுக்கு அது வீடு.

இன்னொரு நண்பர் இவரைவிடப் பலமானவர். அவர் வேதாந்தி. "எல்லாம் அழியத்தானே போகிறது? உடம்பே அழிகிறது. ஓட்டுக்காக ஏன் அழ வேண்டும்?" இந்தப் பேச்சைத் திருச்சுழியில் நின்றுகொண்டு பேசினால் அதற்குத் தனி மதிப்பு. ஏனென்றால் ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. 1879 டிசம்பர் 30-ஆம் தேதி இங்கே பிறந்த பிள்ளை, 1896-இல் மதுரையில் ஒருநாள் திடீரென்று மரண பயம் வந்து, தரையில் பிணம்போல் படுத்து, 'சாவது எது?' என்று தன்னையே விசாரித்தது. இந்த உடம்பு போய்விடும், போகாதது எது என்று கேட்டது. சில வாரத்தில் திருவண்ணாமலை போனவர் திரும்பவில்லை. உடம்பை இவ்வளவு இலேசாகக் கருதியவர் வேறு எவரையும் லட்சியம் செய்வாரா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் அவருடன் இருந்தவர்கள் எழுதி வைத்ததைப் படியுங்கள். ஆசிரமச் சமையல்கட்டில் விடியுமுன் வந்து காய் நறுக்குவார். ஒருபுறம் எழுதிய காகிதங்களைச் சேர்த்துத் தைத்து நோட்டாக்குவார். கிழிந்த புத்தகத்தைத் தம் கையாலேயே பைண்டு செய்வார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவார். சாவது எது என்று கண்டுகொண்டவர் அரிசி மணியைப் பொறுக்குகிறார். கண்டுகொள்ளாத நாம் 'எல்லாம் மாயை' என்று கிடக்கிறோம். எல்லாம் அழியும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உண்மை, இன்று கவனிக்க வேண்டியதை நாளைக்குத் தள்ளுவதற்குக் கிடைத்த ரசீது அல்ல. 'நான் இதை இழக்கத் தயார்' என்பது துறவு. 'இது பிறருக்கும் இல்லாமல் போனால் எனக்கென்ன' என்பது சோம்பல். இரண்டும் ஒரே காவியைக் கட்டிக்கொண்டு வருவதால்தான் குழப்பம்.

ஆனால் எல்லாரும் சேர்ந்து அழியவிட்டோம் என்று சொல்லி எல்லார் தலையிலும் சமமாகப் பாவத்தைப் பங்கிட்டுவிடவும் கூடாது. முன்காலத்தில் குடிமராமத்து என்று ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிட்டார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் 1858-இல் சென்னை ராஜதானியில் இந்த வேலைக்காக ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டி வந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கத்தால் நடந்தது சட்டத்தால் நடக்க வேண்டியதாயிற்று. கூடை சுமந்த எல்லாருக்கும் மடைக்குக் கீழே நஞ்சை இருந்ததில்லை. தனக்கு ஒரு குழி நிலமில்லாதவன் மண் சுமக்க மறுத்தால், அவன் மீதும் நாலு ஓட்டுக்குக் கணக்குப் பார்த்த என் மீதும் ஒரே குற்றம் சாட்ட முடியாது. எவனுக்கு நிழல் கிடைத்ததோ, எவனால் செய்ய முடிந்ததோ, அவன் கணக்கை முதலில் எடுக்க வேண்டும்.

2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. அதே வருஷம் சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு, வெட்டுவதா விடுவதா என்று நாடு முழுதும் பேச்சாயிற்று. அந்த மரத்தை நான் தாங்கிப் பேசவில்லை. ஆனால் என் வீட்டுக்குள் முளைத்த கன்றை அன்று பார்த்தபோது தோன்றியது, வீட்டை அது இடிக்கவில்லை, இடிந்த பிறகு வந்தது என்று. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இந்தச் சீமையில் உண்டு. நாம் கைவிட்ட இடத்தில் முளைத்ததைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, கைவிட்ட நாம் சாட்சிக் கூண்டில் ஏறிக்கொள்கிறோம்.

திருச்சுழிக்கு ஒரு தலபுராணம் உண்டு. சுந்தரர் பாடிய ஊர். பழைய பெயர் திருச்சுழியல். ஒருசமயம் பிரளய வெள்ளம் வந்து நாட்டை மூட வந்ததாம். அரசன் வேண்ட, சிவபெருமான் சூலத்தால் பூமியில் ஒரு துளை போட்டார். வெள்ளமெல்லாம் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கிவிட்டது. அதனால் சுழியல். வருஷமெல்லாம் மழைக்கு ஏங்குகிற ஊருக்கு வெள்ளக் கதையா என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. பிரளயத்தைத் தடுக்கக் கடவுள் மலையை நிறுத்தவில்லை, மதில் எழுப்பவில்லை. ஒரு பள்ளம் தோண்டினார். கண்மாய் தோண்டிய எங்கள் முன்னோருக்கு அது நன்றாகப் புரிந்திருக்கும். பள்ளம் பள்ளமாக இருக்கிற வரையில் ஊர் பிழைக்கும். தோண்டுவது கடவுள் வேலை. அதைத் தூராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

தம்பி, பஸ்ஸில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். டிஸ்ட்ரக்ஷன் என்றால் அழித்தது. டிகே என்றால் இற்றது, உளுத்தது, மக்கியது. பொருளைப் பார்த்துச் சொல்லைப் போட்டுக்கொள். ரூயின் என்றால் விழுந்தது என்று எழுது, மார்க் கிடைக்கும். பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒருமுறை அண்ணாந்து முகட்டைப் பார். ஓடு ஏதாவது விலகியிருந்தால் அப்பாவிடம் சொல். பங்காளிகளுக்குக் கடிதம் எழுத வேண்டாம்.